வேலையிடத்தில் ‘விளையாட்டு’: வெறும் பொழுதுபோக்கா, புத்தாக்கத்தின் தொடக்கமா?

“விளையாட்டு வினையாகும்.”

சின்ன வயதில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. பொறுப்பில்லாதவரை ‘விளையாட்டுப் பிள்ளை’ என்கிறோம். யாராவது வேலையில் கவனம் சிதறினால், “என்ன, விளையாடுறியா?” என்று கேட்கிறோம். நம் பேச்சில் விளையாட்டு என்றாலே வேலைக்கு நேர் எதிர்.

ஆனால் இன்றைய வேலை விளம்பரங்களைப் பாருங்கள். ‘புத்தாக்கச் சிந்தனை உள்ளவர் தேவை’, ‘புதிதாக யோசிப்பவருக்கு முன்னுரிமை’. சரி என்று வேலையில் சேருகிறீர்கள். சேர்ந்த பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குக் கேட்கிறார்கள். ஒரு யோசனை சொன்னால், “இதனால் என்ன பலன்? எப்போ முடியும்?” என்பதுதான் முதல் கேள்வி.

புதிதாக யோசிக்க வேண்டும். ஆனால் தவறக்கூடாது, நேரமும் வீணாகக்கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்குமா?

சில நிறுவனங்கள் இந்தச் சிக்கலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டன. அவற்றின் கதைகளையும் ஆய்வுகளையும் பார்ப்போம். உங்கள் வேலையில் நீங்கள் என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் பார்ப்போம்.

முதலில், எதை விளையாட்டு என்கிறோம்?

பிங்பாங் மேசை, வண்ண வண்ண மெத்தை இருக்கைகள், வெள்ளிக்கிழமை பீட்சா. பலருக்கு இவைதான் நினைவுக்கு வரும். இவை இருந்தால் நல்லதுதான். ஆனால் நாம் பேசப்போவது வேறு.

பிள்ளைகள் விளையாடுவதைக் கவனியுங்கள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். முடிவு என்னவாகும் என்று முன்கூட்டியே தெரியாது. தோற்றாலும் பெரிய இழப்பு இல்லை. கலைத்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம்.

வேலையிடத்துக்கும் இந்த மூன்றே போதும். நீங்களே தேர்ந்தெடுத்த ஒன்று. முடிவு தெரியாத ஒன்று. தோற்றால் யாரும் தண்டிக்காத ஒன்று. இந்த மூன்றும் இருந்தால், கணினி முன் அமைதியாக உட்கார்ந்திருந்தாலும் அது விளையாட்டு. மூன்றும் இல்லையென்றால், குழுவே சேர்ந்து பந்து விளையாடினாலும் அது இன்னொரு டூட்டி.

கட்டாயம் வரவேண்டிய ‘குழு மகிழ்ச்சி நாள்’ ஏன் சிலருக்கு அலுப்பாக இருக்கிறது என்பது இப்போது புரியும்.

இயந்திரம் பராமரிக்க வந்தவர்

“இதெல்லாம் வடிவமைப்பாளர்களுக்கும் மென்பொருள் பொறியாளர்களுக்கும் சரி. எனக்கு எதற்கு?” என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் குன்பெய் யோகோய் என்பவரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

1965ஆம் ஆண்டு. ஜப்பானின் கியோத்தோ நகரில் உள்ள ஒரு நிறுவனத்தில் யோகோய் வேலைக்குச் சேர்ந்தார். நிறுவனத்தின் பெயர் நின்டெண்டோ. அப்போது அது வீடியோ விளையாட்டு நிறுவனம் இல்லை. ஹனஃபுடா எனும் ஜப்பானியச் சீட்டுக்கட்டுகளைத் தயாரித்துவந்தது. யோகோயின் வேலை, அந்தத் தயாரிப்பு இயந்திரங்களைப் பராமரிப்பது.

ஓய்வு நேரத்தில் அவர் தனக்காக ஒரு பொம்மைக் கை செய்தார். கத்தரிக்கோல் போல அழுத்தினால் நீளும். தூரத்தில் இருக்கும் பொருளைப் பிடிக்கும். தொழிற்சாலையைப் பார்வையிட வந்த தலைவர் ஹிரோஷி யாமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார்.

திட்டியிருக்கலாம். வேலை நேரத்தில் என்ன இது என்று கேட்டிருக்கலாம். அவரோ, அதை விற்பனைப் பொருளாக்கச் சொன்னார். 1966ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்த அந்தப் பொம்மை, 1 மில்லியனுக்கும் மேல் விற்றது.

யோகோய் பராமரிப்பு வேலையிலிருந்து பொம்மை உருவாக்கும் வேலைக்கு மாறினார். 1980ல் ‘கேம் அண்ட் வாட்ச்’, 1989ல் ‘கேம் பாய்’. இரண்டுமே அவர் தலைமையில் உருவானவை. புதிய, விலை உயர்ந்த தொழில்நுட்பத்தைத் தேடி ஓடாமல், பழகிப்போன, மலிவான தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்துவதுதான் அவருடைய பாணி.

இந்தக் கதையில் யோகோயின் திறமை மட்டும் முக்கியமில்லை. யாமாவுச்சி பொம்மையைப் பார்த்த அந்த ஒரு நிமிடமும் முக்கியம். அவர் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தால், அந்தக் கை ஒரு மேசை அறைக்குள் போயிருக்கும். யோகோய் இயந்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

“விட்டுவிடு” என்று சொன்ன பிறகும்

‘விளையாட நேரம்’ என்ற எண்ணத்தை நிறுவன வழக்கமாகவே மாற்றியது அமெரிக்காவின் 3எம் நிறுவனம்.

1920களில் அது முக்கியமாக உப்புத்தாள் விற்றது. அங்கு வேலை செய்த ரிச்சர்ட் ட்ரூ, உப்புத்தாளைச் சோதிக்கக் கார் பட்டறைகளுக்குப் போவார். அங்கே பெயிண்ட் அடிப்பவர்கள் எரிச்சலில் இருந்தார்கள். அப்போது இரண்டு வண்ணக் கார்களுக்கு மவுசு. ஒரு வண்ணத்தை மறைத்துவிட்டு இன்னொன்றை அடிக்க வேண்டும். மறைக்க ஒட்டிய தாளைப் பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும்.

ட்ரூ அதற்கு ஒரு வழி தேட ஆரம்பித்தார். அது அவருடைய வேலை இல்லை. உப்புத்தாள் வேலைக்குத் திரும்பச் சொன்னார் மேலாளர் வில்லியம் மெக்நைட். ட்ரூ அந்த வேலையையும் செய்தார், ஒட்டு நாடாவையும் விடவில்லை. மெக்நைட் அதைத் தெரிந்துகொண்டும் விட்டுவிட்டார். 1925ல் ‘மாஸ்கிங் டேப்’ பிறந்தது. 1930ல் ட்ரூ இன்னொன்றையும் உருவாக்கினார். இன்று எல்லா வீட்டிலும் இருக்கும் ‘ஸ்காட்ச் டேப்’.

மெக்நைட் பின்னர் நிறுவனத்தின் தலைவரானார். நல்ல ஊழியர்களுக்குச் சுதந்திரம் கொடுக்க வேண்டும், அவர்கள் தவறு செய்வார்கள், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையை 1948ல் வகுத்தார். வேலை நேரத்தில் 15 விழுக்காடு வரை சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்பது 3எம் நிறுவனத்தின் அடையாளமாகவே ஆனது.

15 விழுக்காடு என்றால் எவ்வளவு? வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை செய்பவருக்குச் சுமார் ஆறரை மணி நேரம்.

அதே நிறுவனத்தில் 1968ல் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் பலமான பசை தேடினார். கிடைத்ததோ சரியாக ஒட்டாத பசை. லேசாக ஒட்டும், எளிதில் பிரியும். என்ன பயன் என்று யாருக்கும் தெரியவில்லை. பல ஆண்டுகள் சக ஊழியர்களிடம் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1974ல் ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியருக்கு ஒரு சின்னப் பிரச்சினை. தேவாலயத்தில் பாடும்போது, பாட்டுப் புத்தகத்தில் அவர் அடையாளத்துக்கு வைக்கும் தாள் கீழே விழுந்துகொண்டே இருந்தது. சில்வரின் பசை அவர் நினைவுக்கு வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் உங்கள் மேசையில் இருக்கும் ‘போஸ்ட்-இட்’ ஒட்டுத்தாள்.

அதற்குப் பிறகும் வழி எளிதாக இல்லை. 1977ல் நடந்த முதல் விற்பனைச் சோதனை சரிவரவில்லை. அடுத்த ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பயன்படுத்தியவர்கள் மறுபடியும் கேட்டார்கள். 1980ல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது.

பசையிலிருந்து கடைக்கு வர 12 ஆண்டுகள். “இந்தக் காலாண்டுக்குள் பலன் காட்டு” என்று யாராவது உறுதியாக நின்றிருந்தால், அந்தப் பசை குப்பைக்குப் போயிருக்கும்.

20 விழுக்காடா, 120 விழுக்காடா?

2004ல் கூகல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்போது நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஊழியர்கள் தங்கள் நேரத்தில் 20 விழுக்காட்டை, நிறுவனத்துக்கு நன்மை தரும் என்று தாங்களே நினைக்கும் வேலைகளில் செலவிட ஊக்குவிப்பதாக அதில் சொன்னார்கள். ‘கூகல் நியூஸ்’ அப்படித்தான் முளைத்தது என்றும் குறிப்பிட்டார்கள்.

கூகல் நியூஸுக்குப் பின்னால் இருந்தவர் கிருஷ்ண பாரத். சென்னை ஐஐடியில் படித்தவர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஒரே நிகழ்வைப் பல ஊடகங்கள் எப்படிச் சொல்கின்றன என்று ஒரே இடத்தில் பார்க்க விரும்பினார். அதற்காக ஒரு கருவி செய்தார். 2002ல் அது எல்லாருக்கும் வந்தது. இன்று நீங்கள் கைப்பேசியில் பல ஊடகங்களின் செய்திகளை வரிசையாகப் பார்க்கிறீர்களே, அந்தப் பழக்கத்துக்கு வழிகாட்டியவற்றில் அதுவும் ஒன்று.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓர் ஓட்டை உண்டு.

கூகலில் பல ஆண்டுகள் மூத்த பொறுப்பில் இருந்த மரிசா மேயர் பின்னர் இதைப் பற்றிச் சொன்னது பரவலாகப் பேசப்பட்டது. அது உண்மையில் ‘120 விழுக்காடு நேரம்’ என்றார் அவர். அதாவது, வழக்கமான வேலை குறையாது. அதை முடித்துவிட்டு, அதற்கு மேல் செய்துகொள்ளலாம்.

இங்குதான் இளம் ஊழியர்கள் கவனமாக இருக்க வேண்டும். “உனக்கு முழுச் சுதந்திரம்” என்று முதலாளி சொன்னால், அடுத்த கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும்: எந்த வேலையைக் குறைத்துக்கொள்ளலாம்? அதற்குப் பதில் இல்லையென்றால், அந்தச் சுதந்திரம் உங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கதைகள் சரி. வென்றவர்களின் கதைகள்தானே நம் காதுக்கு வருகின்றன? அதனால் ஆய்வுகளையும் பார்ப்போம்.

1971ல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களிடம் ‘சோமா’ எனும் கட்டைப் புதிரைக் கொடுத்தார். விதவிதமான துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் செய்ய வேண்டும். சுவாரஸ்யமான விளையாட்டு.

மூன்று நாள் சோதனை. இரண்டாம் நாள் மட்டும் ஒரு பிரிவினருக்கு, ஒவ்வொரு புதிரை முடிக்கும்போதும் 1 டாலர் கொடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் யாருக்கும் காசு இல்லை. இடையில் ஆய்வாளர் 8 நிமிடம் அறையைவிட்டு வெளியே போவார். மேசையில் சஞ்சிகைகளும் இருக்கும். அந்த 8 நிமிடத்தில் யார் தாமாகவே புதிரைத் தொடுகிறார்கள் என்பதுதான் உண்மையான சோதனை.

காசு வாங்கிப் பழகியவர்களுக்கு, காசு நின்றதும் ஆர்வம் குறைந்தது. காசே வாங்காதவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

“அப்போ சம்பளம் வேண்டாமா?” அப்படி இல்லை. சம்பளம் முறையாக வரவேண்டும். ஆனால் ஒவ்வொரு சின்னச் செயலுக்கும் பரிசு, ஒவ்வொரு யோசனைக்கும் புள்ளி என்று போனால், தானாக வந்த ஆர்வம் பரிசுக்காக வரும் ஆர்வமாக மாறிவிடலாம். பரிசு நின்றால் அதுவும் நின்றுவிடும்.

அடுத்தது காலக்கெடு. “எனக்கு நெருக்கடி இருந்தால்தான் மூளை வேலை செய்யும்” என்று சொல்பவரா நீங்கள்?

ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் திரேசா அமபிலியும் அவரது குழுவினரும் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 177 ஊழியர்களை நாள்தோறும் குறிப்பு எழுதச் சொன்னார்கள். 9,000க்கும் அதிகமான குறிப்புகள் சேர்ந்தன. முடிவுகள் 2002ல் வந்தன. நேர நெருக்கடி மிகுந்த நாள்களில், ஊழியர்கள் புதிதாக யோசிப்பது குறைந்தது. அதன் பாதிப்பு அடுத்த நாளும் நீடித்தது.

வேடிக்கை என்னவென்றால், நெருக்கடி நாள்களில்தான் தாங்கள் அதிகப் படைப்பாற்றலுடன் இருந்ததாக அந்த ஊழியர்களே நினைத்தார்கள். ஓடி ஓடி வேலையை முடித்த நிறைவை, புதிதாக யோசித்த நிறைவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

நெருக்கடி எல்லாமே கெடுதல் என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை. ஒரே முக்கியமான வேலை, இடையூறு இல்லாத நேரம், ஏன் அவசரம் என்ற தெளிவு. இவை இருந்தால் நெருக்கடியிலும் புது யோசனை வரும். கூட்டத்துக்கு மேல் கூட்டம், வாட்ஸ்அப்பில் ஐந்து குழுக்கள், நடுவில் ஓர் அவசர மின்னஞ்சல். இப்படிச் சிதறிய நெருக்கடிதான் யோசனையைக் கொல்கிறது.

வெள்ளிக்கிழமை மாலைச் சோதனைகள்

விளையாட்டு நோபெல் பரிசு வரை போகுமா? போயிருக்கிறது.

இயற்பியலாளர் ஆண்ட்ரே கைம் தமது ஆய்வு நேரத்தில் ஒரு சிறு பகுதியை, வழக்கமான ஆய்வுக்குத் தொடர்பில்லாத சோதனைகளுக்கு ஒதுக்கினார். ‘வெள்ளிக்கிழமை மாலைச் சோதனைகள்’ என்று அவற்றுக்குப் பெயர். பெரும்பாலானவை எங்கும் போகவில்லை.

அப்படி ஒருமுறை நெதர்லந்தில் வலுவான காந்தப் புலத்தில் உயிருள்ள தவளை ஒன்றை மிதக்க வைத்தார். அதற்காக 2000ல் அவருக்கும் மைக்கல் பெரிக்கும் ‘இக் நோபெல்’ கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பரிசு அது.

பிறகு பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவரும் கான்ஸ்டன்டீன் நோவோசெலோவும் பென்சில் கரியின் மூலப்பொருளான கிராஃபைட்டை எவ்வளவு மெல்லியதாக்க முடியும் என்று பார்த்தார்கள். கிராஃபைட்டின் மேற்பரப்பைச் சுத்தம் செய்ய ஆய்வுக்கூடங்களில் ஒட்டு நாடாவை ஒட்டிப் பிய்த்துக் குப்பையில் போடுவது வழக்கம். அந்த நாடாவில் ஒட்டியிருந்த துகள்களையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மறுபடியும் மறுபடியும் பிய்த்ததில், ஒரே ஓர் அணு அடுக்கு தடிமன் கொண்ட ‘கிராஃபீன்’ கிடைத்தது. 2004ல் அந்த ஆய்வு வெளிவந்தது. 2010ல் இருவருக்கும் இயற்பியல் நோபெல் பரிசு.

ஒட்டு நாடா நினைவிருக்கிறதா? ட்ரூவை “விட்டுவிடு” என்று சொன்ன பிறகும் வளர்ந்த அதே வகைப் பொருள்தான். 1930ல் ஒருவர் விளையாடிச் செய்ததை வைத்து, 70 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொருவர் விளையாடினார்.

கைமின் கதையில் இன்னொன்றையும் பாருங்கள். அவர் முழு நேரமும் விளையாடவில்லை. வழக்கமான ஆய்வு நடந்துகொண்டிருந்தது. விளையாட்டுக்கு ஒரு நேரம், ஓர் எல்லை இருந்தது. அதனால்தான் பெரும்பாலானவை தோற்றும் எதுவும் கவிழவில்லை.

பயம் இருந்தால்?

நேரம் கொடுத்தாலும் சிலர் விளையாடமாட்டார்கள். காரணம் பயம்.

ஹார்வர்டின் ஏமி எட்மன்சன் 1990களில் மருத்துவமனைத் தாதியர் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாகச் செயல்படும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளில் தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம்!

கூர்ந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. அந்தக் குழுக்கள் தவறுகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். மற்ற குழுக்கள் மறைத்தார்கள். “சொன்னால் என்னை அவமானப்படுத்தமாட்டார்கள்” என்ற நம்பிக்கைதான் வேறுபாடு. அதை ‘உளவியல் பாதுகாப்பு’ என்று 1999ல் வெளியான ஆய்வில் அவர் விளக்கினார்.

நம் ஊரில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ‘கியாசு’. தோற்றுவிடுவோமோ என்ற பயம். பள்ளியிலிருந்தே நம்மோடு வருகிறது. சரியான விடை தெரிந்தால் மட்டும் கையை உயர்த்திப் பழகிய நமக்கு, “தெரியாது, முயன்று பார்க்கிறேன்” என்று கூட்டத்தில் சொல்வது சுலபம் இல்லை. அதனால் அந்த வாக்கியத்தை முதலில் சொல்ல வேண்டியவர் மேலதிகாரிதான்.

எங்கே விளையாடக்கூடாது?

நோயாளிக்குப் போடும் மருந்தின் அளவில் விளையாட்டு இல்லை. விமானத்தின் பாதுகாப்புச் சோதனையிலும் இல்லை. வாடிக்கையாளரின் பணத்தில், தனிப்பட்ட தகவல்களில் இல்லவே இல்லை. “விளையாட்டு வினையாகும்” என்று பெரியவர்கள் எச்சரித்தது இங்கே நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் அதே மருத்துவமனையில், நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் முறையை மாற்றி யோசிக்கலாம். மருந்து வண்டியில் பொருள்களை வேறு வரிசையில் அடுக்கிப் பார்க்கலாம். கட்டுப்பாடு மிகுந்த வேலையிலும் விளையாட ஓர் ஓரம் இருக்கும்.

ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். ஜப்பானின் டொயோட்டா 1951லேயே தொழிற்சாலை ஊழியர்கள் யோசனை சொல்ல ஒரு முறையை ஏற்படுத்தியது. இயந்திரத்தின் முன்னால் தினமும் நிற்பவருக்குத் தெரிவது, அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாது.

சிங்கப்பூரில், மலேசியாவில் நிலைமை என்ன?

சிங்கப்பூரில் அரசாங்கத்துக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ‘ஓப்பன் கவர்ன்மென்ட் புராடக்ட்ஸ்’ குழு ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு மாதம் ‘ஹேக்கத்தான்’ நடத்திவருகிறது. பொதுமக்களுக்குப் பயன்படும் என்று ஊழியர்களே நினைக்கும் யோசனைகளுக்கு அந்த மாதத்தில் மாதிரி வடிவம் கொடுக்கிறார்கள். நீங்கள் அரசாங்க அமைப்புகளுக்கு இணையத்தில் படிவம் நிரப்பும் ‘ஃபார்ம்எஸ்ஜி’ இந்தக் குழுவின் தயாரிப்புதான்.

எல்லா நிறுவனங்களாலும் ஒரு மாதம் ஒதுக்க முடியாது. ஆனால் நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பேச, இப்போது இரு நாட்டிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டிகள் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் முறைப்படி விண்ணப்பிக்கலாம். வேலை செய்யும் இடம், நேரம், வேலைப் பளு ஆகிய மூன்றில் எதிலும் மாற்றம் கேட்கலாம். முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்துவழி பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஊழியர் எழுத்துவழி விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

கவனிக்கவும்: இரண்டுமே, கேட்டது கிடைக்கும் என்று உறுதி அளிக்கவில்லை. முறையாகக் கேட்கவும், முறையான பதில் பெறவும்தான் வழி செய்கின்றன. அதோடு, எங்கே, எப்போது வேலை செய்கிறீர்கள் என்ற சுதந்திரம் வேறு. எதை முயன்று பார்க்கிறீர்கள் என்ற சுதந்திரம் வேறு. வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டே, ஒரு புது யோசனைகூட முயலாமல் இருக்கலாம். இரண்டாவதைச் சட்டம் தராது. நீங்கள்தான் பேசிப் பெற வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• எரிச்சலில் தொடங்குங்கள். ட்ரூவுக்குப் பெயிண்டர்களின் எரிச்சல், ஃப்ரைக்கு விழுந்துகொண்டே இருந்த தாள். உங்கள் வேலையில் வாராவாரம் உங்களைக் கடுப்பேற்றுவது எது? அதை எழுதி வையுங்கள்.

• சின்னதாகக் கேளுங்கள். 20 விழுக்காடு வேண்டாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு மாதத்துக்கு. மறுப்பது கஷ்டமாக இருக்கும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்.

• பாதுகாப்பான மூலையில் விளையாடுங்கள். உண்மையான வாடிக்கையாளர் தகவல் வேண்டாம், போலித் தகவல் போதும். அசல் கோப்பைத் தொடாதீர்கள், நகலில் செய்யுங்கள்.

• பேசுவதைவிடக் காட்டுங்கள். ஒட்டுத்தாளைப் பற்றி விளக்கியபோது மசியாதவர்கள், கையில் கொடுத்ததும் இன்னும் வேண்டும் என்றார்கள். அரைகுறையாக இருந்தாலும் ஒரு மாதிரியைக் காட்டுங்கள்.

• நிறுத்தும் நாளை முன்பே குறியுங்கள். அன்றைக்குள் சரிவராவிட்டால் விட்டுவிடுங்கள். மேலதிகாரிக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

• யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் உருவாக்குவதன் பதிப்புரிமை பொதுவாக முதலாளிக்கே. உங்கள் வேலை ஒப்பந்தம் இன்னும் விரிவாகச் சொல்லலாம். சொந்தத் தொழில் கனவு இருந்தால், அதை அலுவலக மடிக்கணினியில் வளர்க்காதீர்கள்.

மேலதிகாரியிடம் எப்படிக் கேட்பது? இப்படி எழுதிப் பாருங்கள்:

“ஒவ்வொரு வாரமும் ஷிஃப்ட் ரோஸ்டர் போட எனக்கு 3 மணி நேரம் ஆகிறது. அதைக் குறைக்க ஒரு வழி முயன்று பார்க்க விரும்புகிறேன். வெள்ளிக்கிழமை 4 மணி முதல் 5 மணி வரை, 4 வாரம் போதும். பழைய முறை அப்படியே நடக்கும். சரிவரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, என்ன கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். அந்த நேரத்தில் வரும் மின்னஞ்சல்களைத் திங்கட்கிழமை பார்க்கலாமா?”

கடைசி வரியைக் கவனியுங்கள். எதை விட்டுவிடலாம் என்று கேட்கிறது. அது இல்லையென்றால், உங்கள் 100 விழுக்காடு 120 ஆகிவிடும்.

நீங்களே ஒரு குழுவை வழிநடத்துகிறீர்களா?

அப்படியென்றால் யாமாவுச்சியின் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். யாராவது அரைகுறையாக ஒன்றைக் கொண்டுவந்து காட்டும்போது உங்கள் முதல் கேள்வி என்ன? “இதுக்கு எவ்வளவு நேரம் செலவு பண்ணே?” என்றால், அடுத்த முறை அவர் காட்டமாட்டார். “இது எப்படி வேலை செய்யுது?” என்றால் காட்டுவார்.

விளையாட ஒதுக்கிய நேரத்தை நாள்காட்டியில் குறித்து, அதில் வேறு கூட்டம் வைக்காமல் காப்பாற்றுங்கள். தோற்ற முயற்சிகளைப் பற்றியும் குழுவில் பேசுங்கள், முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு யோசனைக்கும் பரிசு அறிவிக்க வேண்டாம். நல்ல யோசனையை நடைமுறைப்படுத்துங்கள், யோசித்தவரின் பெயரைச் சொல்லுங்கள். பலருக்கு அதுவே பெரிய ஊக்கம்.

சுருக்கமாக

புதிய யோசனை எப்போது வரும் என்று யாராலும் உறுதியளிக்க முடியாது. சில்வரின் பசை 12 ஆண்டு காத்திருந்தது. கைமின் வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலானவை ஒன்றும் தரவில்லை. விளையாட்டு பலன் தரும் என்று சத்தியம் செய்தால் அது பொய்.

ஆனால் விளையாட இடமே இல்லாத வேலையிடத்தில் என்ன நடக்கும் என்பது ஓரளவு தெரியும். எரிச்சல்கள் அப்படியே இருக்கும். தவறுகள் மறைக்கப்படும். பராமரிப்பு ஊழியரின் மேசையறைக்குள் ஒரு பொம்மைக் கை யாரும் பார்க்காமல் கிடக்கும்.

இந்த வாரம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள்.